பள்ளிக் கட்டுரையில் ஆதாரம் காட்டப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

ஏதாவது ஒரு பள்ளி ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "உதவிய நூல்கள்" என்று ஸ்கெட்ச் பேனாவில் அழகாக ஒரு தலைப்பு. அதன் கீழே "கூகுள், விக்கிப்பீடியா, பாடநூல்". பெரும்பாலான பிள்ளைகள் இவ்வளவுதான் எழுதுகிறார்கள். அதற்கு டிக்கும் விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் மேல் தவறில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியில் சேர்க்க வேண்டிய ஒரு பக்கம் என்றுதான் ஆதாரத்தைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆதாரம் காட்டுவது படிக்கும்போதே தொடங்க வேண்டிய பழக்கம். கட்டுரையில் எந்த வரியைத் தொட்டு "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாலும் பிள்ளையிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்துவிட்டால் கமா எங்கே, புள்ளி எங்கே என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. இந்த வழிகாட்டி முதன்மையாக ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு எண்ணைத் தேடிப் போகவிடுங்கள்

"அடுத்தவர் எழுதியதைத் திருடக் கூடாது" என்ற அறிவுரையோடு தொடங்காதீர்கள். பிள்ளை மிரண்டுபோய் மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஆதாரம் எதற்கு உதவுகிறது என்பதை முதலில் கண்ணால் பார்க்க வையுங்கள்.

கீழடியை எடுத்துக்கொள்ளலாம். "கீழடி 2600 ஆண்டு பழமையானது" என்று எழுதாத ப்ராஜெக்ட் குறைவு. அந்த 2600 எங்கிருந்து வந்தது? பிள்ளை பார்த்தது ஒரு செய்தியாக இருக்கும். செய்தி எதைச் சொல்கிறது என்று பார்த்தால், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட கீழடி அறிக்கையில் போய் நிற்கும். அறிக்கையைத் திறந்தால் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. அகழாய்வுக் குழியில் எடுத்த கரிம மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த இன்னொன்று கி.மு. 205. அந்த 580 என்ற எண்ணோடு நம் காலத்தைக் கூட்டித்தான் "ஏறக்குறைய 2600 ஆண்டு" என்கிறோம்.

இந்தப் பயணம் முடியும்போது பிள்ளைக்கு ஒன்று தானாகவே புரிந்துவிடும். 2600 என்பது கீழடியில் கிடைத்த எல்லாப் பொருளின் வயதும் அல்ல. ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் வயது. ஆதாரத்தைத் தேடிப் போகாத பிள்ளைக்கு இது தெரிய வழியே இல்லை.

இப்படி எழுதுவது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. உ. வே. சாமிநாதையர் பழைய இலக்கியங்களைப் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகள் எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தவை என்பதை முகவுரையில் எழுதி வைத்தார். உரையில் எடுத்தாண்ட மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தேடித் தேடிக் குறித்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் அவருடைய பதிப்பு ஒன்றின் முகவுரையைக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சமூக அறிவியல் பாடநூலே போதும். பாட முடிவில் "மேற்கோள் நூல்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பாடம் எழுதியவர்களே எங்கே படித்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும். பரீட்சைக்கு வராத பகுதி என்பதால் யாரும் அதைப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: படிக்கும்போதே குறிப்பது

ஒரு பழைய நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் அது கிடைத்த இடம். வலப்பக்கத்தை நிரப்பாமல் இடப்பக்கத்தில் அடுத்த வரி எழுதக் கூடாது. விதி இது ஒன்றுதான், ஆனால் கறாராக இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் கொடுக்கும் நாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு "அந்தப் புத்தகம் பேர் என்னம்மா, பச்சை அட்டை போட்டிருக்குமே" என்று கேட்கும் நிலை வராமல் இருக்க வேறு வழி கிடையாது.

புத்தகம் என்றால் ஐந்து விவரம்: எழுதியவர், நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். முதல் நான்கும் புத்தகத்தின் உள்ளே, தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் இருக்கும். அட்டையைப் பார்த்து எழுத வேண்டாம், அட்டையில் ஆண்டு இருக்காது. நூலகப் புத்தகமாக இருந்தால் அட்டை, அந்த உள்பக்கம், படித்த பக்கம் மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டு எழுதும் இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். "முதற்பதிப்பு 1998, ஐந்தாம் பதிப்பு 2016" என்று இருந்தால் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டைத்தான் எழுத வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதுதான் காரணம். சாமிநாதையரின் "என் சரித்திரம்" புத்தகமாக வந்தது 1950இல். இன்று பல பதிப்பகங்கள் அதை வெளியிடுகின்றன. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் பக்கம் 210 என்று மட்டும் எழுதினால் தேடுகிறவருக்கு அது உதவாது. சில தமிழ் நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருப்பார்கள். அதிலிருந்து 31ஐக் கழித்தால் நமக்குப் பழக்கமான ஆண்டு வரும், தி.பி. 2050 என்றால் 2019.

மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம். நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் போதும். பழக்கம் ஒட்டிக்கொள்வதுதான் அந்த வயதில் முக்கியம்.

மூன்றாம் படி: எதற்கு ஆதாரம் வேண்டும், எதற்கு வேண்டாம்

கொஞ்சம் பழகியதும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் போட ஆரம்பிப்பார்கள். "சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்" என்பதற்கும் ஒரு அடைப்புக்குறி! அது வேண்டாம். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததற்கு ஆதாரம் தேவையில்லை.

எண்கள், ஒருவர் சொன்ன கருத்து, ஒருவருடைய வாக்கியம் அப்படியே, பிறர் எடுத்த படம், வரைபடம், ஆட்கள் ஒத்துக்கொள்ளாமல் வாதாடும் விஷயம், இவற்றுக்கெல்லாம் வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுவதே நல்லது. அதிகமாகப் போட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நான்காம் படி: சொந்தச் சொற்களில் எழுதுவது

இதுதான் மிகக் கடினமான படி. நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். "காப்பி அடிக்காதே, சொந்தமாக எழுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொந்தமாக எழுதுவது எப்படி என்று யாரும் செய்து காட்டுவதில்லை.

ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதிக நீர் தேவைப்படாத இந்த மரம் வறண்ட நிலத்திலும் செழித்து வளரும். ஓலை, நார், பதநீர், நுங்கு, கிழங்கு என வேர் முதல் குருத்து வரை அனைத்தும் பயன்படுவதால் முன்னோர் இதைக் கற்பகத்தரு என்று போற்றினர்."

சொந்தமாக எழுதச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் இப்படி எழுதும்:

"பனை தமிழகத்தின் மாநில மரமாகும். அதிகம் தண்ணீர் தேவையில்லாத இம்மரம் காய்ந்த நிலத்திலும் நன்றாக வளரும். ஓலை, நார், பதநீர், நுங்கு, கிழங்கு என அடி முதல் நுனி வரை எல்லாமே பயன்படுவதால் மூதாதையர் இதைக் கற்பகத்தரு என்று புகழ்ந்தனர்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். நீர் தண்ணீராகியிருக்கிறது, வறண்ட நிலம் காய்ந்த நிலமாகியிருக்கிறது, முன்னோர் மூதாதையராகியிருக்கிறார்கள். வாக்கியங்களின் வரிசை, அடுக்கு, முடிவு எல்லாம் அப்படியே. இது இன்னும் அந்த நூலாசிரியரின் எழுத்துதான். பிள்ளை ஏமாற்ற நினைக்கவில்லை. சொற்களை மாற்றினால் போதும் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறது. அதனால் இந்த இடத்தில் திட்டாதீர்கள்.

மாற்று வழி எளிது. பத்தியை இரண்டு முறை படிக்கட்டும். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததை உங்களிடம் வாயால் சொல்லட்டும். தாத்தா, பாட்டி, தம்பி யாரிடமும் சொல்லலாம். சொல்லி முடித்த கையோடு, புத்தகத்தைத் திறக்காமல் எழுதட்டும். எழுதிய பிறகு திறந்து, எண்ணும் பெயரும் சரியா என்று மட்டும் சரிபார்க்கட்டும். அப்போது வருவது இப்படி இருக்கும்:

"எங்கள் ஊர் ஏரிக்கரையில் பனைகள் நிற்கின்றன. யாரும் அவற்றுக்குத் தண்ணீர் விடுவதில்லை. வறண்ட நிலத்திலும் பனை வளரும் என்று படித்தபோதுதான் காரணம் புரிந்தது [1]. நுங்கும் கிழங்கும் நான் சாப்பிட்டிருக்கிறேன். எல்லாப் பாகமும் பயன்படுவதால்தான் அதற்குக் கற்பகத்தரு என்ற பெயர் வந்ததாம் [1]."

படித்தது எது, தானே பார்த்தது எது என்று இதில் பிரிந்து தெரிகிறது. ஏரிக்கரைக்கு ஆதாரம் இல்லை, அது பிள்ளையின் கண் கண்டது. நூலிலிருந்து வந்த இரண்டு வரிக்கு மட்டும் எண் இருக்கிறது. சொந்தச் சொற்களில் எழுதினாலும் தகவல் அடுத்தவருடையது, ஆகவே ஆதாரம் கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். "மாத்தி எழுதிட்டேனே, அப்புறம் எதுக்கு?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

ஒருவருடைய வாக்கியம் அப்படியே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போட்டு, எழுத்து மாறாமல் எழுத வேண்டும். ஒரு பக்கக் கட்டுரைக்கு ஓரிரு மேற்கோள் போதும்.

ஐந்தாம் படி: கட்டுரைக்குள் அடையாளம் வைப்பது

மேலே பார்த்த [1] என்பதுதான் பிள்ளைகளுக்கு மிக எளிய முறை. கடைசிப் பட்டியலில் முதலாவதாக இருக்கும் நூல் என்று பொருள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், எழுதியவர் பெயரையும் பக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் தரும் முறைக்கு மாறலாம். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒரே முறையாக இருக்க வேண்டும்.

பழந்தமிழ் இலக்கியத்துக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. திருக்குறளுக்குக் குறள் எண்: "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று எடுத்தாண்டால் (குறள் 423) என்று போட்டால் போதும். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற வரிக்கு (புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார்). இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பதிப்புகளில் இந்த எண் மாறாது. ஆனால் பிள்ளை ஓர் உரையிலிருந்து விளக்கத்தை எடுத்திருந்தால் அந்த உரையாசிரியர் பெயரும் பதிப்பும் பக்கமும் தனியாக வேண்டும். குறள் வள்ளுவருடையது, விளக்கம் உரையாசிரியருடையது.

ஆறாம் படி: கடைசிப் பட்டியல்

நோட்டின் வலப்பக்கம் ஒழுங்காக நிரம்பியிருந்தால் இது அரை மணி நேர வேலை. ஆதாரப் பட்டியல் எழுத ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) என்று அமெரிக்காவில் உருவான முறைகள் உண்டு. சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் அவற்றில் ஒன்றைக் கேட்கும். பள்ளி எதையும் குறிப்பிடவில்லை என்றால் இப்படி எழுதலாம்:

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம். சென்னை, 2019.

எழுதியவராக ஒரு தனி ஆள் பெயர் இல்லாதபோது வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் முதலில் வரும் என்பதற்கும் இதுவே உதாரணம். செய்தித்தாள் என்றால் செய்தியின் தலைப்பு, நாளிதழ், தேதி, பக்கம்.

தமிழ்ப் பெயர்களில் கவனம் தேவை. மேற்கத்திய முறைகள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதை முன்னால் தூக்கிப் போடும். நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தைப் பின்னால் தள்ளி "சாமிநாதையர், உ. வே." என்று எழுதுவது தமிழ் ஆய்வுலகில் பழக்கத்தில் உள்ளது, அது சரி. ஆனால் பட்டியல் தயாரிக்கும் ஒரு மென்பொருளில் கணியன் பூங்குன்றனார் என்று கொடுத்தால் "பூங்குன்றனார், கணியன்" என்று திருப்பிவிடலாம். பெயரைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் இட வேண்டும். ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது.

பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். உள்ளே [1], [2] என்று எண் போட்டிருந்தால் அடுக்கிய பிறகு அந்த எண்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் முதல் பிரதியைப் பென்சிலில் எழுதுவது நல்லது.

ஏழாம் படி: இணையம், வீடியோ, ஏஐ

கூகுள் ஒரு ஆதாரம் அல்ல. அது ஆதாரம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிள்ளை உண்மையில் படித்தது எந்தத் தளம், எந்தப் பக்கம், யார் எழுதியது, எப்போது வெளியானது என்பதைத்தான் எழுத வேண்டும். கூடவே பார்த்த தேதியும் வேண்டும், இணையப் பக்கங்கள் மாறக்கூடியவை. யூடியூப் என்றால் சேனல், வீடியோவின் தலைப்பு, பதிவேற்றிய தேதி, தகவல் வரும் நிமிடம். வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியை ஆதாரமாக எழுதவே கூடாது. அதில் சொல்லியிருப்பதை வேறு எங்காவது உறுதி செய்ய முடிந்தால் அந்த இடத்தைக் காட்டலாம்.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுரையின் அடியில் "மேற்கோள்கள்" என்ற பகுதி இருக்கிறது. அதில் ஒரு இணைப்பைத் திறந்து படிக்கச் சொன்னால் விக்கிப்பீடியாவே ஆதாரப் பாடம் நடத்திவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். பிள்ளை விக்கிப்பீடியாவை மட்டும் படித்திருந்தால் விக்கிப்பீடியா என்றுதான் எழுத வேண்டும். அங்கே அடிக்குறிப்பில் இருந்த பெரிய ஆங்கிலப் புத்தகத்தின் பெயரை, கண்ணால் பார்க்காமலே பட்டியலில் போடுவது பொய். கல்லூரி வரைக்கும் தொடரும் பழக்கம் இது. பார்த்ததை மட்டும் எழுது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற ஏஐ கருவிகளில் இன்னொரு சிக்கல். ஆதாரம் கேட்டால், இல்லாத நூலையும் இருப்பதுபோல் ஆசிரியர் பெயர், ஆண்டு சகிதம் தந்துவிடக்கூடும். நியூயார்க்கில் வழக்கறிஞர்களே இதில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். 2023 ஜூனில் நீதிமன்றம் 5000 டாலர் அபராதம் விதித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும். ஏஐ சொன்ன நூலைத் திறந்து பார்க்க முடியவில்லை என்றால் பட்டியலில் இடம் கிடையாது. ஏஐ உதவியைப் பள்ளி அனுமதித்திருந்தால், எந்தக் கருவி, என்ன கேட்டேன், எந்தத் தேதி என்பதை ஒளிக்காமல் எழுதட்டும்.

படங்களுக்கும் இதே கதைதான். கூகுளில் கிடைத்த படம் என்றால் அது எந்தத் தளத்தில் இருக்கிறது, எடுத்தவர் யார் என்று உள்ளே போய்ப் பார்த்து, படத்தின் கீழேயே எழுத வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தவர் பெயரும் உரிம விவரமும் கூடவே இருப்பதால் பிள்ளைகளுக்கு அது வசதி. பிள்ளை தானே வரைந்தது என்றால் பெருமையாக அதையும் எழுதட்டும்.

எட்டாம் படி: ஆட்களும் ஆதாரம்தான்

ஊர்க் குளம் எப்போது தூர்வாரப்பட்டது, அந்தக் காலத்தில் கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதெல்லாம் பல ஊர்களில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாட்டியிடம்தான் இருக்கிறது. அதை எழுதிவிட்டு ஆதாரம் இல்லை என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. பெயர், வயது, ஊர், பேசிய தேதி நான்கையும் எழுதலாம். பெயர் போடலாமா என்று முதலில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் "எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு விவசாயி" என்று எழுதினால் போதும். பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் அதற்கும் அனுமதி கேட்கட்டும். தன் பெயர் பேரனின் நோட்டில் ஆதாரமாக ஏறியிருப்பதைப் பார்க்கும் பெரியவர்களின் சந்தோஷம் தனி.

ஆசிரியர்களுக்கு

கடைசிப் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் செய்வார்கள். கோடு போட்ட அந்த நோட்டையும் ப்ராஜெக்டோடு வாங்கிப் பாருங்கள். கட்டுரையில் ஏதாவது ஒரு வரியைச் சுட்டி "இது எங்கே இருந்ததுப்பா?" என்று கேளுங்கள். பிள்ளை நோட்டைப் புரட்டிக் காட்டிவிட்டால் மதிப்பெண். ஐம்பது பேர் வகுப்பில் எல்லோரையும் கேட்க முடியாது, சிலரைக் கேட்டாலே மற்றவர்கள் தயாராக வருவார்கள்.

கடையில் பணம் கொடுத்துப் பிரின்ட் எடுத்த ப்ராஜெக்டுகள் வருவதற்குத் தலைப்புகளும் ஒரு காரணம். "மழைநீர் சேகரிப்பு" என்று கொடுத்தால் கடையில் தயாராக இருக்கும். "நம் பள்ளியில் விழும் மழைநீர் எங்கே போகிறது?" என்று கொடுத்தால் பிள்ளை வராந்தாவில் குழாயைத் தேடிப் போயாக வேண்டும், வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டாக வேண்டும். அவர் பெயரும் பட்டியலில் வரும்.

காப்பி அடித்தது தெரிந்தால் முதல் முறை மதிப்பெண்ணைக் குறைக்காமல் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பத்தி என்று பென்சிலில் கோடிட்டு, அந்தப் பத்தியை மட்டும் புத்தகத்தை மூடி வைத்து எழுதிவரச் சொல்லுங்கள், இரண்டு நாள் அவகாசம் கொடுத்து. வகுப்பின் முன்னால் பெயர் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால், பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்காம் படியை நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். அது பெரும்பாலும் பிள்ளைக்குப் பிடிபடாத படியாகத்தான் இருக்கும்.